விருது வாங்கியவர் மட்டும்தானா? அமெரிக்க நல்லாசிரியர் சங்கங்கள் கதவைத் திறந்த கதை

விருது வாங்கிய ஆசிரியர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது, அதில் யார் சேரலாம் என்று கேட்டால், இதென்ன கேள்வி, விருது வாங்கியவர்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அமெரிக்காவில் இருக்கும் இப்படிப்பட்ட சங்கங்களின் உறுப்பினர் விதியைப் பார்த்தால் அது அவ்வளவு எளிதாக இல்லை. முதலில் மாநில அளவில் வென்றவர் மட்டும் என்று இருந்தது, அப்புறம் இறுதிச் சுற்று வரை வந்து தோற்றவருக்கும் இடம் கிடைத்தது. சில மாநிலங்களில் வேறு விருது வாங்கியவர்கள், ஏன், பணிக்கு வந்து ஓராண்டே முடித்த இளம் ஆசிரியர்கள் வரைக்கும் ஒரே குடைக்குள் வந்துவிட்டார்கள். மதிப்பு குறையாதா என்ற முணுமுணுப்பு இதற்கெல்லாம் கூடவே வரும், அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரோ ஒரு நடுவர் குழு வேறொரு காரணத்துக்காகப் போட்ட கோட்டைத் தன் வாசற்படியாக வைத்துக்கொண்டதுதான் இந்தச் சங்கங்களின் சிக்கல். மேடையில் ஒருவரை நிறுத்திக் கைதட்ட வேண்டும் என்பதற்காக நடுவர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சங்கத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, அதற்கு வேலை செய்ய ஆட்கள் வேண்டும்.

கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவில் தேசிய நல்லாசிரியர் விருது, அதாவது நேஷனல் டீச்சர் ஆஃப் தி இயர், 1952-ல் தொடங்கியது. முதல் விருது ஜெரால்டின் ஜோன்ஸ் என்ற ஆசிரியைக்கு. கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். இன்றைக்கு இதை நடத்துவது மாநிலக் கல்வித் துறைத் தலைவர்களின் கவுன்சில். ஒவ்வொரு மாநிலமும் தன் நல்லாசிரியரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். ஐம்பது மாநிலங்களோடு தலைநகர் வாஷிங்டன், குவாம் போன்ற தீவுப் பகுதிகள், வெளிநாட்டு ராணுவத் தளங்களில் அமெரிக்கப் படையினரின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் என்று சேர்த்தால் ஆண்டுக்கு ஐம்பத்தைந்து சொச்சம் பேர். அவர்களிலிருந்து வழக்கமாக நான்கைந்து பேர் தேசிய இறுதிச் சுற்றுக்கு வருவார்கள், ஒருவர் தேசிய நல்லாசிரியர் ஆவார், ஓராண்டுக்கு வகுப்பை விட்டு நாடு சுற்றிப் பேசுவார்.

மாநில அளவில் வென்றவருக்கும் அந்த ஒரு வருடம் திருவிழாதான். வாஷிங்டனில் ஒரு வாரம், வெள்ளை மாளிகைக்குள் ஒரு நுழைவு, அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில்லில் இருக்கும் ராக்கெட் மையத்தில் விண்வெளி முகாம், கல்லூரி அணிகளின் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி மைதானத்தில் மரியாதை. நேற்று வரை ஏழாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று சட்டமன்றக் கல்விக் குழுவின் முன் உட்கார்ந்து பேசுகிறார். சில மாநிலங்கள் இதற்காக முழு ஆண்டு விடுப்பு கொடுக்கும், சில மாநிலங்களில் பாடமும் எடுத்துக்கொண்டே மாற்று ஆசிரியரை வைத்து ஊர் ஊராக ஓட வேண்டும். வருடம் முடிந்ததும் அடுத்த ஆள் வந்துவிடுவார். தொலைபேசி அடிப்பது நின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் சங்கம் பிறந்தது. 1980-ல் மாநில நல்லாசிரியர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்ததுதான் இன்று நேஷனல் நெட்வொர்க் ஆஃப் ஸ்டேட் டீச்சர்ஸ் ஆஃப் தி இயர் என்ற பெயரில் இருக்கிறது; வாய் வலிக்கிற பெயர், இனி நெட்வொர்க் என்றே சொல்கிறேன். ஒரு வருடப் புகழோடு முடிந்துபோகாமல் இவர்களின் அனுபவத்தைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம். தொடக்கத்தில் பழைய மாணவர் சங்கம் மாதிரிதான், ஒரே அனுபவத்தைக் கடந்து வந்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடிக் கதை பேசுவது. போகப் போக வேலையின் தன்மை மாறியது. நெட்வொர்க் ஆய்வு நிறுவனங்களோடும் ஆசிரியர் தொழிற்சங்கங்களோடும் சேர்ந்து அறிக்கைகள் எழுதியது, நல்லாசிரியர்களிடமே கேட்டு, எந்தப் பயிற்சி உங்களை வளர்த்தது, எது வீண் என்று தொகுத்தது, மாநிலங்களின் பழைய பொதுத்தேர்வையும் புதிய தேர்வையும் அருகருகே வைத்து எது மேல் என்று ஆசிரியர்களை உட்காரவைத்து ஒப்பிட்டது. கூடிக் கதை பேச ஐம்பது பேர் போதும். இந்த மாதிரி வேலைக்குப் போதாது. ரோட் ஐலண்ட் மாதிரி சின்ன மாநிலத்தில், தொடக்கப் பள்ளியில், இன்றைக்கும் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிற ஒருவர் வேண்டும் என்று தேடினால், மாநில நல்லாசிரியர் பட்டியலில் அப்படி ஒருவரும் இல்லாமல் போகலாம்.

அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் கதையின் சுவாரஸ்யமே அங்கேதான்.

மாநிலத்துக்கு ஒருவர். 2020 கணக்கெடுப்பின்படி வயோமிங்கின் மக்கள்தொகை ஆறு லட்சத்துக்கும் குறைவு, கலிபோர்னியாவில் கிட்டத்தட்ட 4 கோடி. இரண்டுக்கும் தேசிய மேடையில் ஆளுக்கொரு நாற்காலிதான். கலிபோர்னியாக்காரர்களுக்கே இது கூச்சமாக இருந்திருக்கும் போல, அவர்கள் வருடத்துக்கு ஐந்து பேரை மாநில நல்லாசிரியர் என்று அறிவிக்கிறார்கள், அந்த ஐவரில் ஒருவரை மட்டும் தேசியப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். இப்போது சொல்லுங்கள், மிச்சம் நான்கு பேர் வென்றவர்களா, தோற்றவர்களா? அவர்கள் மாநிலம் கொடுத்த சான்றிதழில் நல்லாசிரியர் என்றே இருக்கிறது.

டெக்சாஸ் இன்னும் வேடிக்கை. அங்கே இருபது கல்விச் சேவை மண்டலங்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் தொடக்க நிலைக்கு ஒருவர், உயர்நிலைக்கு ஒருவர், ஆக மொத்தம் 40 மண்டல நல்லாசிரியர்கள். அதிலிருந்து ஆறு பேர் இறுதிச் சுற்றுக்கு, ஆறிலிருந்து தொடக்க நிலைக்கு ஒன்று உயர்நிலைக்கு ஒன்று என இரண்டு மாநில விருது, அந்த இரண்டு பேரில் ஒருவர் மட்டும் தேசியப் போட்டிக்கு. நான்கு இடத்தில் கோடு போடலாம், நான்குக்கும் நியாயம் சொல்லலாம். டெக்சாஸின் பெரிய மண்டலங்களில் மண்டல அளவில் ஜெயிப்பதற்கே வயோமிங்கில் மாநில அளவில் ஜெயிப்பதைவிடக் கூடுதல் ஆட்களோடு மோத வேண்டியிருக்கும். ஆனால் சங்க விதியில் வயோமிங்காரர் உள்ளே, டெக்சாஸ் மண்டலக்காரர் வெளியே.

சரி, இறுதிச் சுற்றில் தோற்றவரைச் சேர்த்துக்கொள்வது என்ற முதல் தளர்வு இந்தக் கணக்கிலிருந்துதான் நியாயம் பெறுகிறது. நெட்வொர்க் இன்று மாநில நல்லாசிரியர்களோடு மாநில இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களையும் உறுப்பினராக ஏற்கிறது. நடுவர் குழுவில் உட்கார்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், முப்பது பேரில் இருபத்தைந்து பேரைக் கழிப்பது சுலபம், கடைசி ஐந்து பேரில் ஒருவரை எடுப்பதுதான் தலைவலி. அந்தக் கடைசிச் சுற்றில் பாடம் எடுக்கும் திறமையைவிட மற்ற விஷயங்கள் முடிவை மாற்றும்: மைக் முன் யார் நன்றாகப் பேசுகிறார், போன வருடம் நகரத்துக்குப் போனதால் இந்த வருடம் கிராமத்துக்குப் போகட்டுமா, போன முறை கணக்கு, இந்த முறை இசையா என்பது மாதிரி. தூதுவர் ஒருவரைத் தேடும் நடுவர்களுக்கு இதெல்லாம் பொருத்தமான யோசனைகள்தான். பத்து வருடம் சேர்ந்து வேலை செய்யப்போகிற ஒரு சங்கத்துக்கு, இவரை எடு, அவரை விடு என்று முடிவு செய்ய இவை போதுமா என்றால், போதாது.

எதிர்த் தரப்பையும் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதில் சும்மா கர்வம் மட்டும் இல்லை. ஒரு செனட்டரின் அலுவலகத்துக்குள் போய், நாங்கள் ஐம்பது மாநிலங்களின் நல்லாசிரியர்கள் என்று சொல்வதற்கு ஒரு கனம் இருக்கிறது. கேட்பவருக்கு விளக்கமே தேவையில்லை. நாங்கள் மாநில நல்லாசிரியர்கள், இறுதிச் சுற்றாளர்கள், மற்றும் அங்கீகாரம் பெற்ற இதர ஆசிரியர்கள் என்று ஆரம்பித்தால் முதல் வாக்கியம் முடிவதற்குள் அவர் கடிகாரத்தைப் பார்த்துவிடுவார். விதி ஒரே வரியில் இருப்பதால் சண்டையும் இல்லை. யார் தகுதியானவர் என்று சங்கமே தீர்மானிக்க ஆரம்பித்தால் விண்ணப்பம், குழு, மேல்முறையீடு, மனஸ்தாபம் என்று எல்லாம் கூடவே வரும். இந்த இரண்டாவது வாதம் எனக்கு உண்மையிலேயே பலமாகப் படுகிறது. சின்னச் சங்கங்கள் உடைவது கொள்கையால் அல்ல, உறுப்பினர் சேர்க்கையால்தான் என்பது நம் ஊர் மன்றங்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதோடு, இறுதிச் சுற்று என்றால் என்ன என்பதையே ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு மாதிரி வைத்திருக்கிறது. ஓரிடத்தில் மூன்று பேர், ஓரிடத்தில் ஐந்து, இன்னோர் இடத்தில் எட்டு. அந்தச் சொல்லையே பயன்படுத்தாத மாநிலமும் உண்டு. ஆக, அடுத்தவர் போட்ட கோட்டிலிருந்து தப்பிக்கிறோம் என்று கிளம்பியவர்கள் அடுத்தவர் போட்ட இன்னொரு கோட்டில் போய் நிற்கிறார்கள். கோடு கொஞ்சம் நியாயமான இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் தாண்டி ஒருபடி மேலே போனது கேன்சஸ் மாநிலம், எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததே அதைப் பார்த்துத்தான். கேன்சஸ் நடுமேற்கில் கோதுமை விளையும் சமவெளி, மக்கள்தொகை முப்பது லட்சத்துக்குப் பக்கம், ஆனால் 286 பள்ளி மாவட்டங்கள், அதாவது பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகப் பகுதிகள். பலவற்றில் ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளிதான் இருக்கும். அங்கே மாநில நல்லாசிரியர் தேர்வு நான்கு மண்டலமாக நடக்கிறது, மண்டலத்துக்குத் தொடக்க நிலையில் ஒருவர் உயர்நிலையில் ஒருவர் என்று எட்டு பேர் இறுதிக்கு வருகிறார்கள். எட்டில் ஒருவர் பெயர் மேடையில் அறிவிக்கப்படும். பிறகு என்ன செய்கிறார்கள் என்பதுதான் அழகு: மிச்சம் ஏழு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடாமல், எட்டுப் பேரையும் ஒரே அணி என்று பெயர் கொடுத்து, அந்த வருடம் முழுக்க மாநிலத்தைச் சுற்ற விடுகிறார்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளுக்குப் போய் நாளைய ஆசிரியர்களிடம் எட்டுப் பேரும் சேர்ந்துதான் பேசுவார்கள். பேச்சைக் கேட்கிற மாணவர்களுக்கு இதில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது பெரிதாகத் தெரியாது. எட்டு விதமான வகுப்பறை அனுபவம் கிடைக்கிறது, அது போதும்.

அந்த மாநிலத்தில் கேன்சஸ் எக்ஸெம்ப்ளரி எஜுகேட்டர்ஸ் நெட்வொர்க் என்று ஒரு அமைப்பு, சுருக்கமாகக் கீன். பெயரிலேயே மாநில நல்லாசிரியர் என்ற விருதின் பெயர் இல்லை, சிறந்த கல்வியாளர்கள் என்று பொதுவாக இருக்கிறது. நல்லாசிரியர் தேர்வில் வந்தவர்களோடு மில்கன் அறக்கட்டளை தரும் விருது, கணிதம் அறிவியலுக்கான ஜனாதிபதி விருது போன்றவை பெற்றவர்களுக்கும் அதில் இடம். அதைவிட முக்கியம், ஹொரைசன் விருது. இது பணியில் முதல் ஆண்டை நன்றாக முடித்த புதிய ஆசிரியர்களுக்கு கேன்சஸ் கொடுப்பது, வருடத்துக்கு அதிகபட்சம் 32 பேர். கீன் அமைப்பு பிப்ரவரி வாக்கில் தலைநகர் டொபீகாவில் நடத்தும் மாநாட்டில் இவர்களுக்கு மேடையில் மரியாதை செய்து, அமைப்பில் சேரவும் அழைக்கிறார்கள்.

இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதுப் பிள்ளைகள். இன்னும் சரியாகக் கரும்பலகையில் நேர்கோடு போடக்கூட வந்திருக்காது என்று நம்மூர் பெரியவர்கள் கிண்டல் செய்யும் வயது. அவர்களை இருபது வருடம் பாடம் எடுத்த நல்லாசிரியர்களுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பது விருதின் மதிப்பைக் குறைக்காதா? என்னைக் கேட்டால் அந்த அறையில் மிக உபயோகமான உட்கார்தலே அதுதான். புதிய ஆசிரியர்கள் முதல் சில ஆண்டுகளில் வேலையை விட்டுப் போவது அமெரிக்கப் பள்ளிகளின் நெடுநாள் தலைவலி, கிராமப்புற மாவட்டங்களில் அது இன்னும் கூடுதல். முந்நூறு பேர் வாழும் ஊரில் வேதியியலுக்கு ஒரே ஆசிரியராக இருக்கும் ஒருத்திக்குப் பக்கத்து அறையில் கேட்க ஆள் கிடையாது. இப்படி ஒரு சங்கத்தில் அவளுக்கு நான்கைந்து மூத்தவர்களின் கைபேசி எண் கிடைத்தால் அது சான்றிதழைவிடப் பெரிது. வென்றவர் மட்டும் என்று மூடிவைத்த சங்கத்தில் சராசரி வயது ஏறிக்கொண்டே போகும், பிறகு ஒருநாள் எல்லோரும் ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள்.

இந்த வயது விஷயத்தை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. விருதுக்குக் காலாவதி கிடையாது. 1985-ல் மாநில நல்லாசிரியர் ஆன ஒருவர், மறுவருடமே கல்வித் துறை அதிகாரியாகவோ பயிற்சி நிறுவன ஆலோசகராகவோ போயிருக்கலாம், வகுப்பறையைப் பார்த்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கலாம், ஆனாலும் அவர் முழுத் தகுதியுள்ள உறுப்பினர். 2016-ன் தேசிய நல்லாசிரியர் ஜஹானா ஹேய்ஸ் இரண்டே வருடத்தில் கனெக்டிகட்டிலிருந்து நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார். அதில் தவறு ஒன்றும் இல்லை, பெருமைதான். ஆனால் போன வருடம் இறுதிச் சுற்றில் தோற்று, திங்கள்கிழமை காலை ஒன்பதாம் வகுப்புக்குள் நுழையப்போகிறவர் தகுதியில்லாதவர், முப்பது வருடமாக வகுப்புக்குள் நுழையாதவர் தகுதியுள்ளவர் என்று ஒரு விதி சொன்னால், வகுப்பறையின் குரல் என்று அந்தச் சங்கம் தன்னைச் சொல்லிக்கொள்வது எப்படி? இதற்காக மூத்தவர்களை வெளியே அனுப்பச் சொல்லவில்லை. மாநாட்டுக்கு நாற்காலி எண்ணுவது முதல் நன்கொடை திரட்டுவது வரை பொறுமையாகச் செய்ய நேரம் இருப்பது ஓய்வு பெற்றவர்களுக்குத்தான். அவர்கள் இல்லாவிட்டால் பல சங்கங்கள் மறுநாளே படுத்துவிடும்.

இனி எதுவரை திறப்பது என்ற கேள்வி. இங்கே எல்லா விருதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது, அவை உருவாகும் விதமே வேறு வேறு.

மாநில நல்லாசிரியர் விருது இடக்கணக்கில் கட்டுண்டது, எவ்வளவு நல்லவர்கள் இருந்தாலும் ஒருவர்தான். ஜனாதிபதி விருதும் அப்படியே, 1983-ல் ஏற்பட்ட அதில் வருடத்துக்கு அதிகபட்சம் 108 பேர், மாநிலத்துக்குக் கணிதத்துக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர். ஆனால் அதற்கு ஆசிரியர் தன் வகுப்பை வீடியோ எடுத்து, ஏன் இந்த இடத்தில் இப்படிச் செய்தேன் என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்ப வேண்டும், ஆக எழுத நேரமும் பொறுமையும் உள்ளவரே அந்தப் பட்டியலில் வருவார்.

மில்கன் விருது நேரெதிர். 1987-லிருந்து வழங்கப்படும் இதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. தேர்வானவருக்கே தெரியாது. பள்ளி விளையாட்டரங்கில் ஏதோ சிறப்புக் கூட்டம் என்று பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் கூட்டுவார்கள், வெளியூர் ஆள் ஒருவர் மைக்கைப் பிடித்து ஒரு விருதைப் பற்றிப் பேசுவார், பரிசு எவ்வளவு தெரியுமா என்று கேட்பார், பிள்ளைகள் சிலர் வரிசையாக நின்று கையிலிருக்கும் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்புவார்கள், கடைசியில் அது 25,000 டாலர் என்று தெரியும்போது அரங்கமே கத்தும், அப்புறம்தான் பெயர். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வருவார். பார்க்கக் கண் கலங்கும் காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் ஏன் அவர், ஏன் அந்தப் பள்ளி என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. இப்படி ரகசியமாக நடந்த தேர்வை இன்னொரு சங்கம் தன் தகுதிவிதியாக ஏற்பது, அந்த அறக்கட்டளையின் கண்ணை முழுசாக நம்புவதுதான்.

மூன்றாவது வகை, நேஷனல் போர்டு என்ற தேசிய அமைப்பு ஆசிரியர்களுக்குத் தரும் சான்றிதழ். இது விருதே இல்லை, ஒரு தரநிலை. பாட அறிவுத் தேர்வு, மாணவர் வேலைகளின் மாதிரி, வகுப்பு வீடியோ என்று நான்கு பகுதிகள், பகுதிக்கு 475 டாலர் கட்டணம். தரத்தைத் தொட்டவர் எல்லோருக்கும் கிடைக்கும், எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. இதுவரை ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் பெற்றிருக்கிறார்கள். கொள்கை அளவில் பார்த்தால் இதுதான் மிக நேர்மையான வாசல், யாருடைய இடக்கணக்கும் இதில் குறுக்கே வருவதில்லை. நடைமுறையில், நெட்வொர்க் மாதிரி ஒரு சின்ன தேசிய அமைப்பு அந்த ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோருக்குக் கதவைத் திறந்தால் மறுநாள் அது வேறொரு அமைப்பு, பழையவர்கள் அதில் ஒரு மூலையில் இருப்பார்கள். இங்கே வேண்டாம் என்று சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அவர்கள் தரம் குறைந்தவர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை, எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்த ஒரு கூட்டத்தால் மட்டுமே செய்ய முடிகிற வேலைகள் சில உண்டு.

நடுவழியாகப் பல சங்கங்கள் கையாளும் உத்தி, இரண்டாம் நிலை உறுப்பினர். சந்தா கட்டலாம், மாநாட்டுக்கு வரலாம், குழுவில் வேலை செய்யலாம், ஓட்டுப் போட முடியாது, தலைவர் ஆக முடியாது. இது எனக்குப் பிடிக்கவில்லை. பந்தியில் உட்காரவைத்து இலையைப் போட்டுவிட்டுப் பாயசம் உங்களுக்கில்லை என்பது போல. வருகிறவருக்கு உடனே புரிந்துவிடும், தன் பணமும் உழைப்பும் வேண்டும், தன் கருத்து வேண்டாம் என்று. ஓட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சேர்க்காதீர்கள். ஒரு வருடம் கழித்துத்தான் ஓட்டு என்று எல்லோருக்கும் பொதுவாக வைத்தால் அது வேறு.

இதை எழுதும்போது நம்ம ஊர் நினைவுக்கு வராமல் இருக்குமா? இந்தியாவின் தேசிய நல்லாசிரியர் விருது 1958-ல் தொடங்கியது. 2017 வரை வருடத்துக்கு முந்நூறுக்கும் மேல் கொடுத்தார்கள், மாநிலங்களுக்கு ஒதுக்கீடு இருந்தது, தமிழ்நாட்டுக்கு இருபதுக்கு மேல் வரும். 2018-ல் மத்திய அரசு விதியை மாற்றியது. ஆசிரியர் தானே இணையத்தில் விண்ணப்பிக்கலாம், மொத்த விருது ஐம்பதுக்குள். அந்த வருடம் தமிழ்நாட்டிலிருந்து ஒரே ஒருவருக்குத்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய வருடம் வரை இருபது நல்லாசிரியர்கள் இருந்த மாநிலத்தில் ஒரே வருடத்தில் பத்தொன்பது பேர் திறமை இழந்துவிடவில்லை, டெல்லியில் ஒரு கோப்பில் ஓர் எண் மாறியது. தேசிய விருது பெற்றவர் மட்டும் என்று நம் ஊரில் யாராவது சங்கம் வைத்தால், அதில் 2017 உறுப்பினரும் 2018 உறுப்பினரும் ஒரே வாசல் வழியாக வந்தவர்கள் என்று சொல்ல முடியுமா? அதற்கப்புறம் உயர்கல்வி, திறன் மேம்பாட்டுப் பயிற்சி ஆசிரியர்களையும் இதே விருதுக்குள் சேர்த்தார்கள். 2023-ல் பள்ளி ஆசிரியர்கள் 50, உயர்கல்வியில் 13, திறன் பயிற்சியில் 12 என்று 75 பேர். கல்லூரிப் பேராசிரியரும் தொழிற்பயிற்சி ஆசிரியரும் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியரும் ஒரே பதக்கத்தை அணிகிறார்கள். அது நல்லது என்றே நினைக்கிறேன், ஆனால் அப்படி ஒரு சங்கம் இருந்தால் அதன் விதியில் ஒரு சொல்லும் மாறாமலே உறுப்பினர் யார் என்பது மாறியிருக்கும்.

நம்மிடம் இறுதிச் சுற்றாளர்கள் இல்லை என்று நினைக்க வேண்டாம். புதிய முறையில் மாவட்டம், மாநிலம் தாண்டிச் சிலர் தேசிய நடுவர் குழு முன் வரை போய்த் தங்கள் வேலையை விளக்குகிறார்கள். அதில் ஒரு பகுதியினர் விருதில்லாமல் திரும்புகிறார்கள். திரும்பியவர்களை ஊரில் யாருக்கும் தெரியாது, செய்தித்தாளில் பெயர் வராது, அடுத்த வாரம் காலை வணக்கக் கூட்டத்தில் வழக்கம்போல நிற்பார்கள். கேன்சஸில் என்றால் அவர் அந்த எட்டுப் பேர் அணியில் ஒருவர்.

இந்த விஷயத்தில் ஒரு விருதாளரே நடுவர்களைத் திருத்திய சம்பவமும் உண்டு, அதுவும் நம் நாட்டில். 2020-ல் உலக ஆசிரியர் விருது, 10 லட்சம் டாலர், மகாராஷ்டிராவின் சோலாப்பூர் மாவட்டம் பரித்தேவாடி கிராமத்து அரசுப் பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசலேவுக்குக் கிடைத்தது. பாதித் தொகையைத் தன்னோடு இறுதிச் சுற்றில் இருந்த ஒன்பது பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பதாக அவர் அறிவித்தார், தலைக்குச் சுமார் 55,000 டாலர். விருதை வழங்கும் வார்க்கி அறக்கட்டளையும் முதல் ஐம்பது பேர் பட்டியலில் வந்தவர்களைத் தன் தூதுவர் குழுவில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் வைத்திருந்தது, அதாவது வென்றவர் ஒருவர், உள்ளே வந்தவர் ஐம்பது பேர்.

நம் மாநிலத்தில் ஒவ்வொரு செப்டம்பர் 5-ஆம் தேதியும் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது பெறுபவர்கள் மட்டுமே முந்நூற்றைம்பதுக்கு மேல். பத்து வருடத்தில் மூவாயிரத்தைந்நூறு பேர், அவர்களில் பலர் இன்னும் பணியில் இருப்பவர்கள். இவர்களை வைத்து யாராவது சங்கம் ஆரம்பிக்கப் போனால், அமெரிக்க நெட்வொர்க்குக்கு இருந்த ஆள் பற்றாக்குறை இங்கே இருக்காது, கேன்சஸ் யோசித்ததைத்தான் இவர்களும் யோசிக்க வேண்டியிருக்கும்: முதல் ஆண்டு முடித்த இடைநிலை ஆசிரியருக்கு அந்த மாநாட்டில் ஒரு நாற்காலி போடுவதா, வேண்டாமா.